வெளியூர்ல யாரு இருக்கா?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும், இருக்கிறேன் என்று இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடு. கடைவாய்ப் பல் வலி என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே, பல் கிளினிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவளின் மகளே பல்லைக் கெடுத்துக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது. எங்கள் டாக்டர் காத்திருப்பவர்களின் பயம் தெளிய ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்திருக்கிறார், தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து மீன்களுக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது, கல்லுக்குப் பின்னாலேயே கிடக்கின்றன. சமையலறைக் குழாயை அப்பா சரிசெய்தார், அதாவது முன்பு சொட்டியது இப்போது ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், இரண்டு பேரும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் வீடு அடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் தூக்கம் என்று நினைக்காதே, ஆத்திரம்.

பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகளை வேலை இன்டர்வியூவுக்குத் தயார் செய்ய உன் தம்பியின் பள்ளிக்கூடத்தில் ஒரு மாஸ்டரை வரவழைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, நானும் முதலில் சந்தோஷப்பட்டேன், நமக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளுக்காவது ஒருவர் கிடைத்தாரே என்று. அந்த மனிதருக்குப் பிள்ளைகள் எட்டுப்பல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிரித்தால் மேல்வரிசையில் சரியாக எட்டுப் பல் தெரிய வேண்டுமாம், குறைந்தால் திமிராம், கூடினால் அசடாம். வகுப்புக்கு ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து வரிசையாக ஈ என்று இளித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார், நாள் முழுக்க வாய்களைப் பார்க்கிற எனக்கே சகிக்கவில்லை. எல்லாப் பையன்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டை, முடிச்சுப் போட்டு எலாஸ்டிக் கோத்தது, ஒருவன் கழுத்திலிருந்து கழற்றி அடுத்தவன் கழுத்தில் மாட்டுகிறார்கள், அதன் பட்டி வேர்வையில் ஊறி எண்ணெய்ப் பிசுக்கேறி மினுமினுக்கிறது. அதை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவன் மேலும் மாஸ்டர் ஒரு சென்ட்டை அடிக்கிறார். வேர்வையும் அந்த வாசனையும் கலந்து அறைக்குள் நுழைந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதைக்கூட விட்டுத்தள்ளலாம், துவைத்தால் போய்விடும்.

நிஜக் கம்பெனிக்காரர்கள் ஒத்திகைக்கு வரமாட்டார்கள் என்பதால், பட்டம் படித்த பெற்றோர்கள் வந்து கேள்வி கேட்க வேண்டும், அவரவர் பிள்ளையை அவரவர் கேட்கக் கூடாது என்று ஏற்பாடு. நானும் டாக்டரிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு போனேன், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டுதான் போனேன். என்னோடு மேஜையில் மருந்துக்கடை அக்கா. முதலில் ஒரு பையன் வந்தான், எட்டுப் பல் காட்டினான், உன்னைப் பற்றிச் சொல் என்றதும், எங்கப்பா கட்டட வேலை பார்க்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துட்டார், அன்னிக்கு முடிவு பண்ணினேன் என்று ஆரம்பித்தான். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பினேன். அடுத்து வந்த பையனின் அப்பாவும் சாரத்திலிருந்து விழுந்தார். அதற்கடுத்து வந்த பெண்ணின் அப்பாவும். மருந்துக்கடை அக்கா என் காதோரம் குனிந்து, ஏம்மா, அந்தக் கட்டடத்துல மேஸ்திரியாவது மிஞ்சினாரா என்றார். சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் போன பிறகு அக்காவின் முகமே மாறிவிட்டது, இதோட அப்பாவை எனக்குத் தெரியும், காலையிலதான் கடைக்கு வந்து இருமல் மருந்து வாங்கிட்டு, பொண்ணுக்கு இன்டர்வியூ பழக்குறாங்க, நீங்க பார்த்து நல்லா கேளுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு என்றார். அந்த மனிதர் நம்பிக்கையோடு இருமிக்கொண்டு போயிருப்பதை நினைத்துப் பார், அவரை அவர் மகள் ஒரு மேஜைக்கு முன்னால் நின்று கொன்றுவிட்டுப் போகிறாள், முகத்தில் எட்டுப் பல்.

ஒத்திகை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் எட்டுப்பல்லிடம் போனோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. கம்பெனிக்காரங்க மார்க்கைப் பார்க்கிறதில்ல மேடம், எல்லாரும் ஒரே மார்க்குதான், அவங்களுக்கு ஞாபகத்துல நிக்கணும், கதை இல்லாத பிள்ளைக்கு வேலை இல்ல என்றார். கண்ணுல தண்ணி நிக்கணும், விழக் கூடாது, விழுந்தா பலவீனம், நின்னா உறுதி, இதைக் கொண்டுவரத்தான் நான் தொண்டை கிழியக் கத்துறேன் என்றார். சொல்லும்போதே தன் கண்ணில் தண்ணீரை நிறுத்திக் காட்டினார், உடனே வற்றவும் வைத்தார், குழாய் திருகுகிற மாதிரி. நான் கோபத்தில், அந்தப் பெண்ணோட அப்பா இதே ஊர்ல தெருத்தெருவா நடமாடுறாரு, நாளைக்குக் கம்பெனிக்காரன் கண்ணுல பட்டா பிள்ளை கதி என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டு, நல்ல பாயின்ட் மேடம், ரொம்ப தேங்க்ஸ் என்றார். நான் அவரைத் திட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு நான் பாடம் திருத்திக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியையிடம் போனால் அவர், இந்த வருஷம் எத்தனை பேருக்கு வேலைன்னு வாசல் போர்டுல எழுதணும்மா, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரங்க எழுதிட்டாங்க, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க என்று சொல்லி எங்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டினார். மருந்துக்கடை அக்கா எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். நான் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பூந்தொட்டியில் போட்டேன்.

மறு வாரம் இரண்டாவது ஒத்திகை. போகவே பிடிக்கவில்லை, ஆனால் அன்றைக்குத் தம்பிக்கும் முறை, இன்னொரு மேஜையில் அவனை என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது, என்னைத்தான் உனக்குத் தெரியுமே. எங்கள் மேஜைக்கும் அவன் போன மேஜைக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்பு, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இந்த வாரம் அப்பாக்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் ஒருவனுக்கு வெளிநாட்டில் மாமா போய்விட்டார், ஒருத்திக்கு எங்கோ கட்டிக்கொடுத்த அத்தை. ஏன் எல்லோரும் வெளியூரிலேயே சாகிறார்கள் என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை, நல்ல பாயின்ட் என்று அவர் குறித்துக்கொண்டது ஞாபகம் வந்ததும் புரிந்தது. பிறகு தம்பியே சொன்னான், எட்டுப்பல் வகுப்பில் வந்து, உள்ளூர்ல இருக்கிறவங்களைச் சாகடிச்சா மாட்டிக்குவீங்க, வெளியூர்ல யாரு இருக்கா, கையைத் தூக்குங்க என்றாராம். உன் தம்பி கையைத் தூக்கியிருக்கிறான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க என்றான். இருந்தாங்க. இனி நான் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாத விஷயம், அதனால் நிதானமாகப் படி. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் இறங்கவே இறங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, பச்சைத் திரை போட்ட வார்டு, உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். ஐஸ் வேண்டும் ஐஸ் வேண்டும் என்று நீ அனத்தினாய், நர்ஸ் கூடாது என்றுவிட்டார், உன் தம்பி அப்போது எவ்வளவு சின்னவன், ஒருவருக்கும் தெரியாமல் கேன்டீனுக்கு ஓடி ஒரு ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தான், படியேறி வருவதற்குள் அது கரைந்துவிட்டது, ஈரக் கைக்குட்டையைத்தான் உன் உதட்டில் பிழிந்தான். பிழிந்துவிட்டு என்னைப் பார்த்து, வந்துடுச்சும்மா, கொஞ்சம் வந்துடுச்சு என்றான். இந்த வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை, பேசினால் ஏதோ உடைந்துவிடும் என்பதுபோல. அதை அவன் சொன்னான். திரையின் நிறம், படிக்கட்டு, கைக்குட்டை, வந்துடுச்சும்மா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான், ஒரு சொல்லும் பொய் இல்லை. கடைசியில் மட்டும், காலையில அக்கா கண்ணைத் திறக்கல என்றான். நீ பிழைத்ததை மட்டும் மாற்றிவிட்டான். அந்தப் பக்கத்து மேஜையில் இருந்த தையல்கடைக்காரம்மா விம்மி அழுவது கேட்டது. எட்டுப்பல், நிக்குது பாருங்க, விழல பாருங்க, அதுதான் என்றார். முழு மதிப்பெண். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த வார்டில் நான் நாள் முழுக்க எதை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேனோ அதை, நான் பெற்ற பிள்ளையே, பழகிய குரலில், சரியான இடத்தில் மூச்சு விட்டுச் சொல்லி முடிக்கிறான்.

அன்றைக்கு நான் பள்ளி வராந்தாவிலிருந்து உனக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தது இதற்குத்தான். நீ வேலையில் இருந்தாய், கட் செய்தாய், நான் மறுபடி அடித்தேன், எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்டேன், அது சாப்பாட்டு வேளையே இல்லை. என்னம்மா இப்படிப் பதர்றே, நான் என்ன செத்தா போயிட்டேன் என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். ஏன் சிரித்தாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தம்பியை நிற்க வைத்துக் கேட்டபோது அவன், நீ ஏம்மா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்த, உன் வேலை உன் மேஜையைப் பார்க்கிறதுதானே என்றான். அப்புறம், அக்காகிட்ட முன்னாடியே கேட்டுட்டேன், அவ சரின்னுட்டா, கொல்றதுன்னு ஆச்சு, அழகாக் கொல்லுடா, வயித்துப்போக்குல எல்லாம் சாகடிச்சுடாதேன்னு சொன்னா என்றான். எட்டுப்பல் மீது வந்த கோபம், தலைமையாசிரியையின் பிஸ்கட் மீது வந்த அருவருப்பு எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நீயும் கூட்டு. அப்பாவிடம் சொன்னால் அவர் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே, பொய் சொல்லாம யாருடி வேலைக்குச் சேர்ந்தா, குளிர் எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே ஒத்துக்கும்னு சொல்லித்தான் நான் குளிர்பதனக் கிடங்குல சேர்ந்தேன், இன்னிக்கும் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போறேன் என்றார். அதற்காக நீங்கள் யாரையும் கொல்லவில்லையே என்றேன். அவர் குழாயைப் பார்க்கப் போய்விட்டார். அது இன்னும் ஒழுகுகிறது.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், அம்மா சகுனம் பார்க்கிறாள் என்பாய். இல்லை. உன்னைவிட நான் இருபத்தோரு வயதுதான் மூத்தவள், பட்டப்படிப்பின் கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு எழுதினவள், காலம் புரியாத கிழவி இல்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று பயப்படவில்லை. கொஞ்சம் பயப்படுகிறேன், அது வேறு. ஆனால் கேள். அவனை இன்டர்வியூ எடுக்கப்போவது ஒரு லிஃப்ட் கம்பெனி, அங்கே பயிற்சி வேலை அவனுக்கு உண்மையாகவே வேண்டும். நம் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோகும்போதெல்லாம் மெக்கானிக்கோடு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறிவிடுவானே, அந்த ஆர்வம் இன்னும் போகவில்லை. நேற்று அவன் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில், ஏண்டா உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு என்று கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா, உள்ள மாட்டிக்கிட்டவங்க கதவைத் தட்டுவாங்கம்மா, அவங்களுக்கு மேல யாரோ இருக்காங்கன்னு தெரியாது, நான் மேலேர்ந்து குரல் குடுப்பேன், குரல் கேட்டதும் தட்டுறது நின்னுடும், லிஃப்ட் இன்னும் நகர்ந்தே இருக்காது, ஆனா தட்டுறது நின்னுடும் என்றான். சொல்லும்போது லிஃப்ட் கயிற்றை இழுக்கிற மாதிரி கையால் காட்டினான், ஒரு பல்லும் தெரியவில்லை, முகத்தில் மாவு ஒட்டியிருந்தது. எனக்கு வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. இதையே போய்ச் சொல்லேண்டா என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இது கதை இல்லையேம்மா, இதுல யாரும் சாகலையே என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறான். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வருகிற பிள்ளைக்கு உலகத்தைப் பற்றி அவர்கள் கற்றுக்கொடுத்து அனுப்புவது இதுதான். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது, எந்தப் பக்கம் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

நிஜ இன்டர்வியூ அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. இந்தக் கடிதம் அதற்கு முன்பே உன்னிடம் வந்துவிடும், அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் நாளைக் காலையே தபாலில் சேர்க்கப்போகிறேன். அவன் அந்தக் கதையைச் சொன்னால் வேலை கிடைக்கலாம், கிடைக்கும் என்றுதான் எனக்கே தோன்றுகிறது. கிடைத்தால் அந்த இடத்தில் நீ செத்தவள். லீவில் வரும்போது அவனோடு அந்தத் தெருவில் நடக்க முடியாது, கூட வேலை பார்க்கிறவன் எதிரே வந்தால் பெரியம்மா பெண் என்று அறிமுகம் செய்வான், அதற்கும் நீ சிரிப்பாய், சிரித்துக்கொண்டே சரி என்பாய், உன்னையும் எனக்குத் தெரியும். ஆனால் அவன் கைக்குட்டையைப் பிழிந்ததை நினைத்துப் பார். அது அவனிடம் இருக்கிறவற்றிலேயே நல்ல பொருள். மேஜைக்கு மேஜை அதை எடுத்து வைத்தால் நாலாவது மேஜையில் அது அந்த டை மாதிரி ஆகிவிடும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், என் பேச்சு அவன் காதில் ஏறாது, அம்மா பயந்தாங்கொள்ளி என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டான், அதில் தப்பும் இல்லை. உன் பேச்சு ஏறும். அவன் ஒரு பொய் சொல்லத்தான் நீ சம்மதம் கொடுத்தாய், அவன் எடுத்துக்கொண்டது பொய்யை இல்லை, அந்தக் கைக்குட்டையை. கொடுத்த சம்மதத்தை நீயே திரும்ப வாங்கிக்கொள். வேலை கிடைக்காமல் போனால் போகட்டும், வீட்டில் சோறு இருக்கிறது, அடுத்த கம்பெனி இருக்கிறது, அப்பாவும் இன்னும் ஒரு வருடம் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். அவனுக்கு வேலை கிடைக்காமல் போனால் நான் எப்படித் தூங்குவேன் என்று உனக்குத் தெரியும், இருந்தும் எழுதுகிறேன்.

பல்லைக் காட்டப் போ, கண்ணாடிப் பவரும் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே, அறையில் கூட இருக்கிற பெண்ணை நான் கேட்டதாகச் சொல். நூறு வயது இரு என்று இதுவரை உனக்கு வாய்வழக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதுகிறேன், நூறு வயது இரு, உடம்போடு இரு, எங்கள் எல்லோருக்கும் பிறகும் இரு. கடிதம் கிடைத்த அன்றே தம்பிக்குப் போன் செய்ய மறந்துவிடாதே. என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை இங்கே எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன், அந்த அடித்தலைத்தான் மேலே பார்க்கிறாய், மை ஊறிப்போன இடம். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் பிள்ளைகளை இந்த மாதம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். உன் வாயில் என்ன வருகிறதோ அதையே சொல்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற, உன் போனுக்காக உட்கார்ந்திருக்கிற
அம்மா